கீழ்வீட்டுத் தண்ணீர்

வீடு கட்டுவதற்காகச் சடையாண்டி தன்னுடைய முக்கால் ஏக்கர் சரளைக்காட்டின் ஈசானி மூலையில் போட்ட போரில், நானூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் வந்தது. அது ஏற்கெனவே யாரோ அரிசி களைந்து கொட்டிய தண்ணீராக இருந்தது.

போர்வண்டிக்காரர்கள் அதைப் பாறைமாவுக் கலங்கல் என்றும், இரண்டு நாள் மோட்டாரை ஓட்டினால் தெளிந்துவிடும் என்றும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் ஓட்டியபிறகு மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குக் குழாயிலிருந்து விழுந்ததும் அதே வெள்ளைத் தண்ணீர்தான், வாளியின் அடியில் நான்கு குருணை அரிசி தங்கியிருந்தது. பத்து மணிக்கு எடுத்த தண்ணீரில் புளிக்குழம்புச் சட்டியைச் சாம்பல் போட்டு விளக்கிய வாசம் இருந்தது. சாயங்காலத் தண்ணீர் சோப்பு நுரைத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் நிறமாக வந்தது. சனிக்கிழமை அரப்பு வாசத்தோடும், மேலே எண்ணெய் மினுங்கலோடும் வந்தது.

செங்கல் இறக்க வந்திருந்த சித்தாள் வீராயி, சடையாண்டியின் இறந்துபோன மனைவி சீரங்காயிக்குச் சித்தி மகள், வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"புழுங்கல் அரிசி மச்சான். ரெண்டாங் களைசல். மொதக் களைசலை மாட்டுக்கு எடுத்து வச்சுட்டு ரெண்டாவதத்தான் கொட்டிருக்கா. கெட்டிக்காரிதான்."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஒங்களுக்குக் கீழ குடியிருக்கிறவ. பக்கத்து வீட்டுக்காரரு நீங்கதான் விசாரிக்கணும்."

அன்றிலிருந்து அவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் என்று பெயர் ஆனது.

கடவூர் மலைக்குத் தெற்கே, மழை மலையோடு நின்றுவிடுகிற பக்கத்தில் இருந்த அந்த ஓடைக்கல்பட்டியில், இது எப்படி என்று கேட்டவர்கள் இரண்டே பேர். எத்தனை மணிக்கு என்று கேட்டவர்கள் ஊர் முழுக்க. ஆறரை மணிக் கழனித்தண்ணீருக்கு மாடு வைத்திருந்தவர்கள் கேன்களோடு வந்து வரிசையில் நின்றார்கள், பத்து மணித் தண்ணீரைச் சுரைக்கொடிக்கும் பீர்க்கங்கொடிக்கும் எடுத்துப் போனார்கள், வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீரை வாசலில் தெளிக்கச் செம்பு கொண்டுவந்தார்கள், கீழ்வீட்டில் அரிசி களையும் நேரம் பார்த்துத் தங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினால் மில் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்த பெண்கள் கடிகாரம் பார்ப்பதையே விட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிய தண்ணீர், 'குடிக்க உகந்ததல்ல, கால்நடைகளுக்குக் கொடுக்கலாம்' என்ற காகிதத்தோடு திரும்பி வந்தது, அது மாடு வைத்திருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர், ஊரே சொல்கிறதே என்று போர்க்குழாய்ப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு, 'கதவு எண் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

தண்ணீரை வைத்தே பெண்கள் அந்த வீட்டை அறிந்தார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று, பிள்ளைத்துணி அலசிய தண்ணீர் இல்லாததால் குழந்தை இல்லை. அவன் ஏதோ மண்வேலை பார்க்கிறவன், கைகால் கழுவுகிற தண்ணீர் கலங்கி வருகிறது. அவள் சுத்தக்காரி, சட்டியை மூன்று தரம் கழுவுகிறாள். மாசத்தில் ஒருநாள் சண்டை போடுகிறார்கள், அன்றைக்கு அரிசி களைந்த தண்ணீர் வராது, மறுநாள் இரண்டு மடங்கு வரும்.

இதையெல்லாம் சடையாண்டி அவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையை இருபத்தாறு வருசம் பார்த்தவர் அவர். ஏழு தெருவுக்கும் ஏழு வால்வு. எந்தத் தெருவில் விருந்தாளி, எந்தத் தெருவில் கல்யாணம், எந்தத் தெருவில் பெண் பெரியவளாகியிருக்கிறாள் என்பது வால்வைத் திருகுகிற சாவியைப் பிடித்த கைக்கே தெரிந்துவிடும். சீரங்காயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காலையில் அவர் நான்காவது வால்வில் இருந்தார். ஆள் வந்து கூப்பிட்டபோது, இன்னும் மூன்று தெரு பாக்கி இருக்கிறதே என்று அந்த மூன்றையும் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதை அவரிடம் யாரும் குற்றமாகக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், கேட்காததால் அந்தப் பதில் உள்ளேயே கிடந்தது. மறுவருசம் ஐப்பசி மழையில் பழைய மண்வீட்டின் சுவர் சரிந்தது. அதற்குப் பிறகு தொட்டிக்குக் கீழே இருந்த மோட்டார் ரூமில் ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வுமாக அவர் இருந்தார், ஓய்வு பெற்ற பிறகும் யாரும் அவரைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

வீடு கட்டச் சொன்னது மகள் இந்திராணி. அவள் திருப்பூரில் ஒற்றை அறையில், புருசனோடும் எட்டு மாசக் குழந்தையோடும் இருந்தாள். புருசனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை கிடைத்திருந்தது.

"நல்ல தண்ணியோட ரெண்டு ரூம் கட்டுங்கப்பா," என்றாள் போனில். "நாங்க அங்கேயே வந்துர்றோம். நீங்க மோட்டார் ரூம்ல கெடக்க வேண்டாம். பாப்பாவை நீங்க பாத்துக்கங்க, நான் ரெண்டு மாடு வாங்கிக் கட்டிக்கிறேன்."

அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து சடையாண்டிக்கு மோட்டார் ரூமின் சத்தம் பொறுக்கவில்லை.

கட்டுவதற்கு வந்த கொத்தனார் சவரிமுத்து, வாய் நிற்காத ஆள். குச்சி அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இது சமையலறை, இது படுக்கிற ரூம், இது பாப்பா தவழ்வதற்கு என்று வெறும் சரளையில் வீட்டை வரைந்து, சடையாண்டியைக் கோட்டுக்குள்ளே வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தி, சுவர் இல்லாத வீட்டில் சுவரைச் சுற்றி நடக்க வைத்தார். தண்ணீர் நிரப்பிய டியூப்பை ஆளுக்கு ஒரு முனை பிடித்து நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்தார்கள். நிலம் தெற்கிலிருந்து வடக்குக்கு இரண்டடி சரிந்து, வாட்டமாக இருந்தது.

"கடவுளே போட்டுக் குடுத்த வாட்டம்ணே. சமையக்கட்டுத் தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் தானா ஓடி வரும். வாயு மூலையில செப்டிக் டேங்க். அதுல நிறைஞ்சு வர்றதுக்கு இந்தாண்ட பத்தடிக்குக் குழி தோண்டி சிமெண்ட் உறை எறக்கிருவோம். அது பாட்டுக்கு மண்ணுல எறங்கிரும்."

"எறங்கி எங்க போகும்?"

"கீழ."

சொன்ன பிறகுதான் சவரிமுத்துவுக்கே அது உறைத்தது. இரண்டு பேரும் டியூப்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கீழே போவது கீழ்வீட்டுக்குத்தான் போகிறது என்பது அதற்கு முந்தைய வாரம்தான் உறுதியாகியிருந்தது. கடைக்காலுக்குப் பூசை போட்ட அன்று, கன்னி மூலையில் தோண்டிய குழியில் ஒரு செம்புப் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றினார்கள், சவரிமுத்து தன் பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் பத்து மணித் தண்ணீரில் பால் காய்ச்சிய சட்டியைச் சுரண்டிக் கழுவிய ஏடு மிதந்து வந்தது. மேலே இருந்து ஊறி இறங்குவதுதான் அவர்களுக்குக் குடிநீர். அவர்கள் கழுவிக் கொட்டுவதுதான் இங்கே போரில் ஏறுகிறது. அதுவும் இங்கே மோட்டார் போட்டால்தான் ஏறுகிறது. ஒருதரம் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போய், நாலாம் நாள் மோட்டாரைப் போட்டபோது நாற்றமும் சேறும் விளக்குமாற்று ஈர்க்குகளுமாக வந்தது, பாவம், வீட்டுக்குள் நின்ற தண்ணீரை அவள் கூட்டித் தள்ளியிருக்கிறாள் என்று வீராயி சொன்னாள்.

"அண்ணே, இதப் பாத்தா வீடு கட்ட முடியாது," என்றார் சவரிமுத்து. "எல்லார் வீட்டுக் கழிவும் யார் தலையிலயாச்சும்தான் எறங்குது. மேட்டுத் தெருக்காரன் குளிச்சது பள்ளத் தெருக்காரன் வாசல்ல ஓடுது. அவங்க என்ன, செத்தா போய்ட்டாங்க?"

"பள்ளத் தெருவுல வருசா வருசம் காமாலை வருது சவரி. எனக்குத் தெரியும். நாந்தானே தண்ணி விட்டேன்."

சவரிமுத்து தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். அன்றைக்கு உறைக்குழி தோண்டவில்லை.

இந்திராணிக்குப் போனில் விவரம் சொன்னார். "யாரோ குளிச்ச தண்ணியில எம்பிள்ளையக் குளிப்பாட்டச் சொல்றீங்களாப்பா?" என்றாள். "போரை எழுநூறு அடிக்கு ஆழமாக்குங்க. அவங்க வீட்டைத் தாண்டி அடியில நல்ல தண்ணி இருக்கும். இருந்தா நாங்க தையில வர்றோம். இல்லேன்னா இவரு மில்லுப் பக்கத்துலயே வீடு பாத்துருவாரு."

போர்வண்டிக்காரரிடம் சடையாண்டி ஒரே கேள்விதான் கேட்டார். "அவங்க கூரை வழியாப் போகுமா, பக்கத்துல போகுமா?"

"பெரியவரே, ஆறரை இஞ்சு ஓட்டை. நேரா எறங்கும். நடுவுல யார் இருந்தாலும் சத்தம் கேட்டு ஒதுங்கிக்குவாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை வண்டி வரும் என்று பேசி முடித்தார். மகள் வருகிறாள், குழந்தை வருகிறது, அது தவழப்போகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை. கீழே இருக்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று முதல் ஆறரை மணிக்கு மோட்டாரைப் போடும்போது குழாய்ப் பக்கம் பார்க்காமல் போடப் பழகினார்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுத் தண்ணீரின் வாசம் மாறியது. விளக்கெண்ணெய் வாசம் வந்தது, சுக்கும் ஓமமும் கொதித்த வாசம் வந்தது, கஞ்சி வடித்த சட்டி கழுவிய தண்ணீர் அடிக்கடி வந்தது, வாந்தி எடுத்துக் கழுவிவிட்டது போல ஒருநாள் புளித்த வாடை வந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாளாகப் பிள்ளைத்துணி அலசாத வீடு.

"முழுகாம இருக்கா," என்றாள் வீராயி.

"அப்பிடியாத் தெரியுது?"

"நீங்க ஆம்பள, ஒங்களுக்கு என்ன தெரியும் மச்சான்? எங்கக்காவுக்கு இந்திராணி வயித்துல இருந்தப்பவும் இப்பிடித்தான் நாத்தம், நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் தொட்டியில போய்ப் படுத்துக்கிட்டீங்க."

கூட்டம் சிரித்தது. சடையாண்டியும் சிரித்தார், வெகுநாள் கழித்து.

தாய்வீடு எங்கே இருக்கிறதோ, யார் செய்வார்களோ என்று பேசிப் பேசி, கடைசியில் நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஒரு திங்கட்கிழமை பதினேழு பெண்கள் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்து, போர்க்குழாய்க்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, குழாய்க்கும் மூடிக்கும் இருந்த இடைவெளி வழியாக ஆளுக்கு ஒன்றாகப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைக் கீழே விட்டார்கள். ஒவ்வொரு வளையலும் குழாயில் இடித்து இடித்து வெகுநேரம் கிணுகிணுத்துக்கொண்டு போனது. சுற்றி நின்றவர்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். பிறகு சோற்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, அவளுக்கு என்று ஓர் இலையை மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் தூக்குகிற ஆட்கள் வந்து, நானூறு அடிக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுத்தார்கள். பம்பின் வாயில் சிவப்பு வளையல் துண்டுகள் மூன்று சிக்கியிருந்தன. மூத்த மெக்கானிக் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசமா மோட்டார் தூக்குறேன். செருப்பு எடுத்துருக்கேன், ஓணான் எடுத்துருக்கேன். சீமந்தம் நடந்த போரை இப்பத்தான் பாக்குறேன்."

"மிச்சம் பதினாலு?" என்று வீராயி கேட்டாள்.

"அது போகவேண்டிய கைக்குப் போயிருக்கும் தாயி."

மத்தியானம் மோட்டாரை இறக்கி ஓடவிட்டதும் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வெள்ளிக்கிழமை வருகிற மஞ்சள் இல்லை அது. குடம் குடமாக, கெட்டியாக, குழாயின் விளிம்பில் படிந்து நிற்கிற மஞ்சள். தொட்டி நிறைந்து, வழிந்து, சரளையில் மஞ்சளாக ஓடியது.

"பிறந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "தீட்டுத் தண்ணி ஊத்துறாங்கடி!" கீழே மாசக் கணக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பெண்கள் அத்தனை பேரும் வாயில் விரலை வைத்துக் குலவை போட்டார்கள். குலவைச் சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து இன்னும் பேர் ஓடிவந்து அவர்களும் குலவை போட்டார்கள். யாரோ சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டார்கள், சவரிமுத்துவின் வாயிலும், மெக்கானிக் வாயிலும். சடையாண்டியின் வாயிலும் வீராயி ஒரு சிட்டிகை போட்டாள். அவர் அதை விழுங்கவில்லை.

அப்படி ஒரு மஞ்சள் தண்ணீரை அவர் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். புருசன் இருக்கும்போதே போய்விடுகிற பெண்ணை உட்காரவைத்து, உடம்பு முழுக்க மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிறபோது அந்தத் தண்ணீர் அப்படித்தான் ஓடும், பந்தலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவரே இருபத்தாறு வருசம் திறந்துவிட்ட தண்ணீர் ஓடிய சாக்கடையில் போய் விழும்வரை மஞ்சளாகவே ஓடும். சீரங்காயி போன அன்றைக்கு அவர் அதை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீராயி," என்றார். "குலவையை நிப்பாட்டச் சொல்லு."

"ஏன் மச்சான்?"

"நிப்பாட்டச் சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது. தண்ணீரைப் பார்த்தாள், தன் கையில் இருந்த சர்க்கரையைப் பார்த்தாள். குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியில் நின்றவள் ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலேயே நின்றாள்.

அவள் மாசமாக இருக்கவில்லை, நோயில் படுக்கையில் கிடந்திருக்கிறாள். ஒரு சாவுக்கு ஊரே குலவை போட்டிருந்தது. பரிகாரம் என்ன என்று கேட்டார்கள், அப்படி ஒன்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே எல்லோரும் துட்டி கேட்க வந்தார்கள். ஆண்கள் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சரளையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் போர்க்குழாயைச் சுற்றி ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, முகம் தெரியாதவளுக்கு, சட்டியை மூன்று தரம் கழுவியவளே என்றும், முதல் களைசலை மாட்டுக்கு எடுத்து வைத்தவளே என்றும், போட்ட வளையல் கைசேருமுன் போனவளே என்றும் ஒப்பாரி வைத்தார்கள். ஆறரை மணி ஆனது. மோட்டார் ஓடியது. குழாயில் எதுவும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் போர்வண்டி வந்தது. பேசியிருந்த புதன்கிழமை அதுதான். வண்டிக்குப் பின்னால் ஆட்டோவில் இந்திராணி வந்தாள், இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை.

"என்னப்பா, யாரு செத்தா?"

"கீழ்வீட்டு அம்மா."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை அவரிடம் கொடுத்தாள். குழந்தை புது ஆளென்று அழாமல் அவருடைய காதைப் பிடித்துக்கொண்டது. போர்வண்டி ஆட்கள் ஜாக்கி இறக்கி, கம்பத்தை நிமிர்த்தி, இரண்டு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்கச் சடையாண்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டு வீட்டுக்குள், வாசல் வழியாக நுழைந்து, அறை அறையாக நடந்தார்.

"பெரியவரே, ஆரம்பிக்கலாமா?"

"வேண்டாம்ப்பா. கம்பத்தை மடக்கிக்க."

இந்திராணி பக்கத்தில் வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தம்மாதான் போயிருச்சேப்பா. இனி என்ன?"

"அவன் இருக்கான்மா. கீழ. ஒத்தையா. இப்பப் போயி கூரையில ஓட்டை போடச் சொல்றியா?"

"மேல நான் இருக்கேன்."

அவர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அம்மா செத்தன்னைக்கு நான் பஸ்ஸுல வந்து எறங்குனப்போ எல்லாத் தெருக் குழாயிலயும் தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு," என்றாள். "ஊருக்கெல்லாம் தண்ணி விட்டீங்க. எனக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கேட்டேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் விரல் அவர் காதை விட நேரமானது. வீராயி இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாள், சவரிமுத்து நான்கு வார்த்தை பேசிப் பார்த்தார். பதினொன்றே முக்கால் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். போர்வண்டியும் அதே சாலையில், அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது.

எட்டு நாள் கழித்து ஒரு காலை அரிசி களைந்த தண்ணீர் வந்தது. கையளவு தண்ணீர்தான். உமியும் கல்லும் முழு அரிசியும் கலந்து வந்தது. களையத் தெரியாத கை, அரிசியைப் பிடித்து நிறுத்தத் தெரியாமல் பாதியைத் தண்ணீரோடு விட்டிருந்தது. பத்து மணிக்குத் தீய்ந்த சட்டியின் கரி வந்தது. சனிக்கிழமை அரப்பு வரவில்லை, முதுகில் தேய்த்துவிட யாரும் இல்லை போலும். மாட்டுக்காரர்கள் இரண்டு நாள் கேனோடு வந்தார்கள், இந்தத் தண்ணீர் ஒரு மாட்டுக்கும் காணாது என்று பிறகு வரவில்லை. ஊர் கடிகாரத்துக்குத் திரும்பியது.

சடையாண்டி ஒரே அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் மூலையும் மட்டும் கட்டிக்கொண்டார். சவரிமுத்து கேலி பேசாமல் கட்டிக்கொடுத்தார். கழிப்பறைக்கு அடியும் பக்கமும் சிமெண்ட் பூசி, ஒரு சொட்டு ஊறாத தொட்டி கட்டி, நிறைந்தால் வண்டி வைத்து எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. குளிக்கிற தண்ணீருக்கும் சமையல் தண்ணீருக்கும் தனிக்குழி. அதில் ஜல்லி, அதற்குமேல் கரி, அதற்குமேல் ஆற்றுமணல், மூன்றையும் அவரே சலித்துக் கழுவிக் காயவைத்துப் போட்டார். சோப்பை விட்டுவிட்டார். குடிப்பதற்கு ஊர்க்குழாயில் ஒரு கேன் பிடித்து வந்து வைத்துக்கொண்டார். காலை ஆறரைக்கு மோட்டார் போடுவார், கொஞ்சமாக வருவதை வாளியில் பிடித்துப் பார்ப்பார், செடிக்கு ஊற்றுவார். தன் குளியலையும் சமையலையும் முடித்துத் தண்ணீரைக் குழிக்குள் விடுவார், அது ஊறி இறங்குகிற சத்தம் அடங்கும்வரை அங்கேயே நிற்பார். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாத நாட்களில் அந்த இரண்டு வேலைதான் பேச்சு. இந்திராணி பண்டிகைக்கு போன் பண்ணினாள், குழந்தை நடக்கிறது என்றாள், வருகிறோம் என்று சொல்லவில்லை.

பங்குனியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் எழுந்து மோட்டார் போட்டார், அடுத்த மூன்று நாள் எழ முடியவில்லை. மோட்டார் ஓடவில்லை, குழியில் தண்ணீர் இறங்கவில்லை. கதவு சாத்தியே கிடந்தது. வீராயி சின்னாளப்பட்டிக்கு ஒரு காரியமாகப் போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவருக்கு முதலில் வந்த நினைப்பு, கீழே முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமே என்பதுதான். நாற்றமும் சேறும் வரும் என்று வாளியைக் குழாயிலிருந்து தள்ளி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் தெளிவாக வந்தது. அரிசி இல்லை, புளி இல்லை, கரி இல்லை, எந்த வாசமும் இல்லை. வெயில் பட்டு, குழாய்க்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. பதறிக்கொண்டு குடத்தை எடுத்துப் பிடித்தார். கழுத்து வரை நிறைந்து, அதோடு நின்றது. மோட்டார் வெறுமனே ஓடியது. அணைத்தார்.

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். யாரும் எதுவும் கழுவாத தண்ணீர். மேலே இருந்து எதுவும் இறங்காத மூன்று நாளில், கீழே ஒருவன் தன்னிடம் மிச்சம் இருந்ததைக் குடிக்காமல், சமைக்காமல், தொடாமல், ஒரு குடம் சேர்த்து அனுப்பியிருக்கிறான்.

சாவு வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், தண்ணீர் எடுக்கப் போகமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார்.

சடையாண்டி குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, அதற்கு நேரமில்லை என்றும் தோன்றியது, ஏனென்றால் கீழே ஒருவன் இன்னும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுந்து ஒரு தம்ளர் மொண்டு நின்றபடியே குடித்தார். மீதத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், காய்ச்சல் உடம்போடு, ஒரு படி அரிசியை எடுத்துப் போட்டு, ஒரு மணிகூட நழுவாமல் மூன்று தரம் களைந்தார். ஒரே ஆளுக்கு அவ்வளவு அரிசி எதற்கு என்று பார்க்கவில்லை, தண்ணீர் நிறைய வேண்டியிருந்தது. களைந்த தண்ணீரை அண்டாவோடு தூக்கிப்போய், மணலும் கரியும் போட்ட அந்தக் குழியில், சத்தம் கேட்கும்படி உயரத்திலிருந்து ஊற்றினார்; ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து குடத்திலிருந்து மறுபடியும் மொண்டார், மறுபடியும் ஊற்றினார், இங்கே யாரும் சாகவில்லை என்று சொல்ல அவரிடம் வேறு வழி இருக்கவில்லை.